குறைந்த பட்ஜெட்டில் கேமரா, ஹேண்டிகேம் வாங்குவது எப்படி?

"எத்தனை மெகாபிக்சல்?" என்ற கேள்வியோடு கடைக்குள் நுழைகிறவரிடம் எதை வேண்டுமானாலும் விற்றுவிடலாம். 4×6 இன்ச் பிரிண்ட் போட, 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) கணக்கில் 1200×1800 புள்ளிகள், அதாவது சுமார் 2 மெகாபிக்சல் போதும். ஏ4 தாளுக்கு 9-க்குள் அடங்கிவிடும். 4கே டிவியின் திரையே 8.3 மெகாபிக்சல்தான். கல்யாண ஆல்பத்தில் வரும் 12×18 இன்ச் தாளுக்குக்கூட 20 இருந்தால் தாராளம். கடந்த பத்து வருடங்களில் வந்த டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் என்ற லென்ஸ் மாற்றும் கேமராக்களில் பெரும்பாலானவை 20 முதல் 24 மெகாபிக்சல் கொண்டவை. ஆகவே அந்த எண்ணை வைத்து ஒன்றைப் பொறுக்கவும் முடியாது, ஒன்றைத் தள்ளவும் முடியாது.

கேட்க வேண்டியவை வேறு. எடுக்கப்போகும் ஆள் எவ்வளவு தூரத்தில் இருப்பார்? அங்கே வெளிச்சம் எவ்வளவு? வீடியோ என்றால் நிறுத்தாமல் எத்தனை நிமிடம் ஓட வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு விலையைப் பாருங்கள்.

வீட்டு விசேஷம், பள்ளி ஆண்டுவிழா, கோயில் திருவிழா, பயணம் இவற்றுக்காக 10,000 முதல் 40,000 ரூபாய்க்குள் முதல் கேமராவை வாங்குகிறவர்களை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. இந்தத் தொகையில் புதிதாக வாங்கத் தகுந்தவை குறைவு. நல்ல செகண்ட் ஹேண்ட் கேமராக்கள் ஏராளம். அதனால் பழையதைச் சோதித்து வாங்கும் முறைக்குத்தான் இங்கே அதிக இடம்.

போனே போதுமா?

பகல் வெளிச்சத்தில், இரண்டு மூன்று மீட்டருக்குள் நிற்கிறவர்களை எடுக்க உங்கள் போன் போதும். நல்ல போன் வைத்திருப்பவர் 10,000 ரூபாய்க்குப் புதிய காம்பாக்ட் கேமரா ஒன்றை வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். மலிவு காம்பாக்ட்களில் இருக்கும் 1/2.3 இன்ச் சென்சாரின் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) உண்மையான அளவு சுமார் 6.2×4.6 மி.மீ. இன்றைய நடுத்தர விலைப் போன்கள் பலவற்றின் முதன்மைக் கேமராவில் இதைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது. போதாக்குறைக்கு, பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்துத் துலக்கும் மென்பொருளும் போனில் உண்டு. காம்பாக்ட் முந்துவது ஆப்டிகல் ஜூமில், அதாவது லென்ஸாலேயே நெருக்கிக் காட்டுவதில் மட்டும்தான்.

தூரத்து மேடை, மங்கிய வெளிச்சத்தில் அசையும் ஆள், மணிக்கணக்கில் ஓட வேண்டிய பதிவு: இந்த மூன்றில் ஒன்றாவது உங்கள் தாளில் இருந்தால் தொடர்ந்து படியுங்கள். இல்லையென்றால் போனுக்கு ஒரு டிரைபாடும் காலர் மைக்கும் வாங்குங்கள். செலவு பத்தில் ஒரு பங்குதான் ஆகும்.

தூரக் கணக்கு

டிஎஸ்எல்ஆர் வாங்கிய பிறகு "போனைவிட மோசமாக வருகிறதே" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். ஃபோகல் லெங்த் என்பது லென்ஸின் மேல் மி.மீ.-இல் போட்டிருக்கும் எண், அது கூடக்கூடத் தூரத்தில் இருப்பது நெருக்கமாகத் தெரியும். ஒரு சின்னப் பெருக்கல் போட்டால் தப்பிக்கலாம்:

ஃபோகல் லெங்த் = தூரம் × சென்சாரின் உயரம் ÷ படத்தில் அடங்க வேண்டிய உயரம்.

ஆண்டுவிழா மேடை உங்கள் நாற்காலியிலிருந்து 15 மீட்டர். குழந்தையின் உயரம் 1.2 மீட்டர். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, 1.8 மீட்டர் உயரம் படத்தில் அடங்க வேண்டும். இங்கே சொல்லும் டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ்களில் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற அளவு. நிகான், சோனி ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் 15.6 மி.மீ., கேனானுடையது 14.9. நிகானுக்கு 15 × 15.6 ÷ 1.8 = 130 மி.மீ. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை 55-இல் வைத்தால் 4.25 மீட்டர் உயரம் படத்துக்குள் வந்துவிடும். குழந்தை அதில் கால் பங்கைவிடச் சற்றே அதிகமாகத் தெரிவாள். மீதியெல்லாம் திரைச்சீலையும் பேனரும். ஆகவே இந்த வேலைக்கு 55-200, 55-250, 70-300 என்பது போல, தூரத்தை நெருக்கிக் காட்டும் ஒரு டெலி லென்ஸ் கட்டாயம். அதற்கான பணத்தைப் பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா) கொட்டிவிடக் கூடாது.

காம்பாக்ட், ஹேண்டிகேம் பெட்டிகளில் போட்டிருக்கும் எண் வேறு கணக்கு. அது 35 மி.மீ. ஃபிலிமுக்குச் சமமாக மாற்றிச் சொல்லப்படுவது. நிகானின் 130-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 195. அதாவது காம்பாக்ட் பெட்டியில் 200 என்று இருந்தால் அதே நெருக்கம் கிடைக்கும். கேனானுக்குப் பெருக்க வேண்டிய எண் 1.6. "டிஜிட்டல் ஜூம் 120 மடங்கு" என்பதை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்கும் வேலை அது. வீட்டுக்கு வந்து நீங்களே செய்துகொள்ளலாம். வாங்கிய அன்றே மெனுவில் அதை அணைத்துவிடுங்கள்.

வெளிச்சம்

1 இன்ச் என்று சொல்லப்படும் சென்சார் 13.2×8.8 மி.மீ. மலிவு காம்பாக்ட் சென்சாரைப் போல நான்கு மடங்கு பரப்பு. ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 13 மடங்கு. கோயில் மண்டபத்திலும் கல்யாண ஹாலிலும் புள்ளி புள்ளியாக இல்லாத படம் வேண்டுமென்றால் இந்த இரண்டில் ஒன்றுக்குப் போயாக வேண்டும்.

ஆனால் பெரிய சென்சார் மட்டும் போதாது. கிட் லென்ஸை 55 மி.மீ.க்கு நீட்டினால் அதன் திறப்பு எஃப்/5.6 ஆகச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடக்கூடத் திறப்பு சுருங்கும்). 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மேடை நடனத்துக்குக் குறைந்தது 1/250 நொடி ஷட்டர் வேகம் வேண்டும். அதற்குக் குறைந்தால் கையும் காலும் கலங்கிப்போகும். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 6400-க்கு ஏற்றியும் 1/30 மட்டுமே கிடைக்கும் ஹாலில், 1.8 லென்ஸ் அதே ஐஎஸ்ஓவில் 1/250-ஐத் தொட்டுவிடும். கேனானின் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம், நிகானின் 35 மி.மீ. எஃப்/1.8ஜி டிஎக்ஸ் இரண்டும் மலிவான லென்ஸ்கள். வீட்டுக்குள் எடுக்க நிகானின் 35 வசதி. 50-ஐ மாட்டினால் சின்ன அறையில் சுவரில் முதுகு முட்டும்வரை பின்னால் போக வேண்டியிருக்கும்.

லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். ஆடுகிற குழந்தையின் அசைவை அது நிறுத்தாது. விற்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாகச் சொல்வார்கள்.

வீடியோ எடுக்கிறவர்கள் பார்க்க வேண்டியது

பழைய டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்களில் பெரும்பாலானவை 29 நிமிடம் 59 நொடியில் பதிவை நிறுத்திவிடும். இது பழுதல்ல. 30 நிமிடத்துக்கு மேல் பதிவு செய்யும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி அதிகச் சுங்கவரி போட்டதால் கம்பெனிகள் வைத்த வரம்பு. அரங்கேற்றம், கச்சேரி, பட்டிமன்றம் என்று இரண்டு மணி நேரம் ஓட வேண்டுமானால் ஹேண்டிகேம்தான் நிம்மதி. கார்டும் பேட்டரியும் தாங்கும்வரை அது ஓடும்.

ஹேண்டிகேம் கைவிடுவது இருட்டில். சோனி எச்டிஆர்-சிஎக்ஸ்405 போன்ற மலிவு மாடலில் ஆப்டிகல் ஜூம் 30 மடங்கு, சென்சாரோ 1/5.8 இன்ச், போன் கேமராவைவிடச் சிறியது. விளக்குப் போட்ட மேடை நன்றாக வரும். மஞ்சள் பல்பு எரியும் வீட்டுக்குள் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும்.

ஒலியைப் பற்றி யாரும் முதலில் யோசிப்பதில்லை. கேமராவின் உள் மைக் மின்விசிறி, ஏசி, பக்கத்து இருக்கைப் பேச்சு எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். வெளி மைக் செருக 3.5 மி.மீ. துளை இருக்கிறதா என்று பாருங்கள். கேனான் 200டி, நிகான் டி3300, டி5300, பானாசோனிக் எஃப்இசட்1000 இவற்றில் உண்டு. கேனான் 1500டி, நிகான் டி3500, சோனி ஏ6000, மேலே சொன்ன சிஎக்ஸ்405 இவற்றில் இல்லை. டி3300-இல் இருந்த துளையை அதற்குப் பின் வந்த மாடல்களில் நிகான் எடுத்துவிட்டது. புதிய மாடல் என்றால் எல்லாம் கூடுதலாக இருக்கும் என்ற கணக்கு இங்கே பொய்த்துவிடும். துளை இல்லாத கேமரா என்றால் ஒரு போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு ஸ்பீக்கரிலிருந்து சில மீட்டர் தள்ளி வையுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால் எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் அந்தத் தட்டலை வைத்துப் பொருத்திவிடலாம். சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்சரிலிருந்து நேராக ஒயர் இழுத்து மைக் துளையில் செருகாதீர்கள். லைன் சிக்னல் மைக் சிக்னலைவிடப் பல மடங்கு வலுவானது. ஒலி உடைந்து கரகரக்கும். இடையில் சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் கேபிள் வேண்டும்.

இன்னொன்று. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 30 அல்லது 60 படம் என்று வைத்து எடுத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் வீடியோ முழுக்கப் பட்டைகள் ஓடும். மெனுவில் வீடியோ சிஸ்டத்தை பிஏஎல் என்று மாற்றி 25 அல்லது 50 படம் வையுங்கள், ஷட்டர் 1/50 அல்லது 1/100. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஹேண்டிகேம்கள் சிலவற்றில் 60 தவிர வேறு வழி இருக்காது. அதில் ஷட்டரை மட்டுமாவது கையால் 1/100-இல் வைக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எதை வாங்கலாம்

விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். பணத்தைப் பிரிக்கும் விகிதம் மாறாது. கையில் 25,000 இருந்தால் பாடிக்கும் லென்ஸுக்கும் சேர்த்து 20,000-ஐத் தாண்டாதீர்கள். கார்டு, இரண்டாவது பேட்டரி, பை, ஈரம் புகாத டப்பா எல்லாம் மீதி 5,000-இல் அடங்க வேண்டும்.

போட்டோ மட்டும்தான் என்றால் நிகான் டி3300 அல்லது டி3500. எடை குறைவு, பேட்டரி நாள் முழுக்க நிற்கும், கிட் லென்ஸும் கூர்மை. டி3500-இல் வைஃபை இல்லை, புளூடூத் மட்டும். போனுக்குப் பெரிய படங்களை அனுப்புவது மெதுவாக நடக்கும். கேனான் 1500டியைக் கடைக்காரர்கள் அதிகம் தள்ளுவார்கள். போட்டோவுக்குக் குறையில்லை; வீடியோவில் ஃபோகஸ் தடுமாறும், ஃபுல் எச்டியில் 50 படம் கிடையாது. அதைவிடக் கொஞ்சம் கூடுதல் விலைக்குப் பழைய 200டி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதற்குப் போங்கள். திரும்பும் தொடுதிரை, மைக் துளை இரண்டும் உண்டு. டூயல் பிக்சல் ஃபோகஸ் இருப்பதால் ஓடும் குழந்தையின் முகத்தைத் திரையில் தொட்டுவிட்டால் அதுவே பின்தொடரும்.

லென்ஸ் மாற்றும் தொல்லையே வேண்டாம், ஆண்டுவிழாவும் வேண்டும், பயணமும் வேண்டும் என்பவர்களுக்கு 2014-இல் வந்த பானாசோனிக் எஃப்இசட்1000 இன்னும் நல்ல தேர்வு. 1 இன்ச் சென்சார், 25 முதல் 400 வரை ஜூம், முழு ஜூமிலும் திறப்பு எஃப்/4. கிட் டெலி லென்ஸ்கள் அதே நெருக்கத்தில் எஃப்/5.6 வரை சுருங்கிவிடும். 4கே வீடியோவும் எடுக்கும். ஆனால் 4கேயில் படத்தின் ஓரம் வெட்டப்பட்டு அகலம் 37 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும், சின்ன அறையில் இது இடிக்கும். சட்டைப் பையில் போட வேண்டுமென்றால் முதல் தலைமுறை சோனி ஆர்எக்ஸ்100. அதில் ஜூம் 28 முதல் 100 வரைதான், மேடைக்குப் போதாது.

தொடர் பதிவு மட்டும் என்றால் ஹேண்டிகேம், கூடவே ஒரு கூடுதல் பேட்டரி, கனமான டிரைபாட். இலேசான டிரைபாடில் 30 மடங்கு ஜூம் வைத்தால் மேடைப் பலகையில் யாராவது குதிக்கும்போதெல்லாம் படம் நடுங்கும்.

தொடக் கூடாதவை

ஆன்லைனில் சில ஆயிரத்துக்கு விற்கும் பெயர் தெரியாத "48 மெகாபிக்சல் 4கே டிஜிட்டல் கேமரா" வகையறாக்கள் முதலிடம். உள்ளே இருப்பது மலிவு போன் சென்சார். அது தரும் சின்னப் படத்தை மென்பொருள் ஊதி 48 ஆக்குகிறது. பலவற்றில் ஃபோகஸ் மாறாமல் ஒரே தூரத்தில் நிலையாக இருக்கும். 16 மடங்கு ஜூம் என்பதும் டிஜிட்டல்தான். கண்டுபிடிக்க ஒரு வழி: விவரப் பட்டியலில் சென்சாரின் அளவும் லென்ஸின் எஃப் எண்ணும் ஆப்டிகல் ஜூமும் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். கொடுக்கவில்லையென்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

பழைய காம்பாக்ட்கள் மறுபடி மோஸ்தராகியிருக்கின்றன. ஆசைப்பட்டால் கார்டு வகையைப் பார்த்து வாங்குங்கள். பழைய ஒலிம்பஸ், ஃபியூஜிஃபில்ம் மாடல்கள் எக்ஸ்டி கார்டு கேட்கும், பழைய சோனி மெமரி ஸ்டிக் கேட்கும். இரண்டும் இப்போது லேசில் கிடைக்காது. 2006-இல் எஸ்டிஎச்சி என்ற பெரிய கொள்ளளவு கார்டு வருவதற்கு முந்தைய கேமராக்களில் 32 ஜிபி கார்டைப் போட்டால் "கார்டு எரர்" என்றுதான் வரும், 2 ஜிபியோ அதற்குக் குறைந்ததோ தேட வேண்டும். மினிடிவி கேசட் ஹேண்டிகேமிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படத்தை இறக்க ஃபயர்வயர் துளை வேண்டும், இன்றைய லேப்டாப்புகளில் அது இல்லை. 8 செ.மீ. டிவிடியில் எழுதும் ஹேண்டிகேமைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

கம்பெனிகளே கைவிட்ட வரிசைகளும் உண்டு: நிகான் 1, சாம்சங் என்எக்ஸ், கேனான் இஎஃப்-எம் பூட்டுள்ள (லென்ஸ் மாட்டும் வாய்) மிரர்லெஸ்கள். இவை மலிவாக வரும். பின்னால் லென்ஸ் தேடி அலைய வேண்டியிருக்கும். நிகான் வாங்குகிறவர்கள் இன்னொன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸை வாங்கினால் அது மாட்டும், படமும் எடுக்கும், ஆட்டோஃபோகஸ் மட்டும் வேலை செய்யாது. பெயரின் கடைசியில் ஜி இருப்பதைக் கேளுங்கள். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்க வேண்டும். ஏஎஃப்-பி லென்ஸ் டி3300, டி5300-இல் ஓட ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) அப்டேட் தேவைப்படலாம். டி3200-இல் ஃபோகஸே ஆகாது.

பழைய கேமராவைச் சோதிக்கும் முறை

நேரில் பாருங்கள், பகலில் பாருங்கள். உங்கள் சொந்த எஸ்டி கார்டு, டார்ச் உள்ள போன், ஒரு நாளிதழ், முடிந்தால் லேப்டாப் இவற்றை எடுத்துப் போங்கள். அவசரப்படுத்துகிற ஆளிடம் வாங்காதீர்கள். முழுச் சோதனைக்கு அரை மணி நேரம் ஆகும்.

1. வெளிப்புறம். ஃபிளாஷ் மாட்டும் தண்டவாளத்தைப் பாருங்கள். பெயின்ட் தேய்ந்து வெள்ளை உலோகம் பளபளத்தால் அது கல்யாண வேலைக்கு ஓடிய கேமரா. துரு இருந்தால் ஈரத்தில் கிடந்தது. அடிப்பக்கத் திருகுகளின் தலை கீறியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். கைப்பிடி ரப்பர் உப்பியிருப்பது அவ்வளவு பெரிய குறையில்லை, விலை குறைக்கக் காரணமாக வைத்துக்கொள்ளலாம்.

2. பேட்டரி. மூடியைத் திறந்து, பிடித்திருக்கும் கொக்கியைத் தள்ளினால் தானாகவே வழுக்கி வெளியே வர வேண்டும். பிடித்து இழுக்க வேண்டியிருந்தால் உப்பிவிட்டது. டி3500-க்கு இஎன்-இஎல்14ஏ, 1500டிக்கு எல்பி-இ10, 200டிக்கு எல்பி-இ17, ஏ6000-க்கு என்பி-எஃப்டபிள்யூ50. எண்ணைக் குறித்து வைத்தால் புதிய பேட்டரி விலையைக் கழித்துப் பேசலாம்.

3. லென்ஸ். நம் கடற்கரை ஊர்களில் இதுதான் முதல் எதிரி. லென்ஸைக் கழற்றி, திறப்பை முழுக்க விரித்து, பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்த்து அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை, எல்லா லென்ஸிலும் உண்டு. சிலந்தி வலை போல, வேர் பிரிவது போல மெல்லிய இழைகள் தெரிந்தால் ஃபங்கஸ். கிட் லென்ஸில் ஃபங்கஸ் என்றால் சுத்தம் செய்யும் கூலிக்கு வேறு லென்ஸே வாங்கிவிடலாம். நாள்பட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். பால் கலந்தது போன்ற மூட்டம் இருந்தாலும் வேண்டாம். முன் கண்ணாடியில் ஒரு சிறு கீறல் படத்தில் தெரியவே தெரியாது. பின் கண்ணாடியில் இருந்தால் தெரியும்.

4. சென்சார். திறப்பை எஃப்/22-க்குச் சுருக்கி, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் மங்கலான கரும்புள்ளிகள் தெரியலாம். அது தூசி, ப்ளோயரால் ஊதினாலே பாதி போகும். விளிம்பு தெளிவான கோடு தெரிந்தால் கீறல், வேண்டாம். வாயால் ஊதிக் காட்டுகிறேன் என்று விற்பவர் சொன்னால் தடுத்துவிடுங்கள். எச்சில் ஒட்டிக்கொண்டால் கறை.

5. லென்ஸ் மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 1600-இல் இரண்டு நொடி எடுங்கள். கறுப்புப் படத்தில் சிவப்பு, நீலப் புள்ளிகள் ஒன்றிரண்டு இருப்பது இயல்பு. கொத்தாக இருந்தால் யோசிக்க வேண்டும்.

6. ஃபோகஸ். நாளிதழை இரண்டு மீட்டர் தூரத்தில் சாய்வாக வைத்து, திறப்பை முழுக்க விரித்து, நடுத் தலைப்பில் ஃபோகஸ் செய்து எடுங்கள். வியூஃபைண்டரில் கண்ணை வைத்துப் பார்த்து ஒன்று, திரையைப் பார்த்து ஒன்று. திரையில் எடுத்தது கூர்மையாகவும் வியூஃபைண்டரில் எடுத்தது தலைப்புக்கு முன்னாலோ பின்னாலோ கூர்மையாகவும் வந்தால் ஃபோகஸ் அமைப்பு நகர்ந்திருக்கிறது. சர்வீஸில் சரிசெய்யலாம், செலவு வைக்கும்.

7. ஷட்டர். 1/4000-இல் வானத்தை எடுங்கள். படத்தின் ஒரு ஓரம் இருண்டிருந்தால் ஷட்டர் தளர்ந்துவிட்டது. பிறகு தொடர்ச்சியாக இருபது படம். கேனானில் இடையில் "எரர் 01" வந்தால் லென்ஸுக்கும் பாடிக்கும் தொடர்பு அறுகிறது. மஞ்சள் பின்களை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள், மறுபடி வந்தால் லென்ஸ் உள்ளே பழுது. சோனியின் 16-50 மோட்டார் ஜூம் லென்ஸை ஐந்தாறு முறை ஆன், ஆஃப் செய்து நீளுவதும் சுருங்குவதும் தடையில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். காம்பாக்ட்களுக்கும் இதே சோதனை. கடற்கரை மணல் குழாய்க்குள் புகுந்தவை இங்கே மாட்டிக்கொள்ளும்.

8. ஷட்டர் எண்ணிக்கை. நிகானில் எடுத்த ஜேபெக் படத்தின் உள்விவரத்திலேயே இது பதிவாகிறது. அதைப் படித்துச் சொல்லும் இலவச மென்பொருள்கள் உண்டு. டி3500-இன் ஷட்டரை 1,00,000 முறைக்குச் சோதித்ததாக நிகான் சொல்கிறது. 30,000-க்குள் இருந்தால் வீட்டு உபயோகத்துக்கு ஆயுள் தாராளம். கேனானின் தொடக்கநிலை மாடல்களில் படத்துக்குள் இந்த எண் இருக்காது, யூஎஸ்பியில் இணைத்து மென்பொருளால் கேட்க வேண்டும். நேரில் போவதற்கு முன்பே விற்பவரிடம் ஒரு படம் கேட்டு வாங்கலாம். வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் உள்விவரம் அழிந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

9. வீடியோ பத்து நிமிடம் ஓடவிடுங்கள். இதற்குள் சூடாகி நின்றாலோ, பேட்டரி பாதியாகக் குறைந்தாலோ தெரிந்துவிடும். பிறகு ஒலியைக் கேட்டுப் பாருங்கள்.

10. எல்லாப் பொத்தான்கள், டயல்கள், உள் ஃபிளாஷ், யூஎஸ்பி, வைஃபை. ஹேண்டிகேம் என்றால் திரையை மெதுவாக, அது திரும்பும் எல்லைவரை திருப்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் திரை அணைந்து எரிந்தால் கீலுக்குள் போகும் பட்டை ஒயர் ஒடியத் தொடங்கிவிட்டது. ஹேண்டிகேம்களில் அடிக்கடி வரும் பழுது இதுதான்.

பில், பெட்டி, பெயர்

பாடியின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணும் பெட்டியில் இருப்பதும் பில்லில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் இல்லை என்பதாலேயே திருட்டுப் பொருள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பில் இல்லாததற்கு விலை குறைய வேண்டும். விற்பவரின் அடையாளச் சான்று நகலும் ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்கும்போது பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் எம்ஆர்பியும் போட்ட ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். பர்மா பஜார் போன்ற இடங்களிலும் ஆன்லைனிலும் விலை குறைவாகக் கிடைப்பவற்றில் பல, வேறு நாட்டுக்காக வந்தவை. அவற்றுக்கு இங்கே கம்பெனி வாரண்டி கிடைக்காமல் போகலாம். பெயரும் மாறியிருக்கும்: அமெரிக்காவின் ரெபெல் டி7 நம் ஊர் 1500டி, ரெபெல் எஸ்எல்2 நம் ஊர் 200டி. ஜப்பானுக்காகச் செய்த சோனி மாடல்கள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும் இருக்கும், மாற்ற முடியாது. காசு கொடுக்கும் முன் மொழிப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

"ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம் ஆகிவிட்டது, பார்சலில் அனுப்புகிறேன், முன்பணம் போடுங்கள்" என்று வரும் விளம்பரங்கள் மோசடி. பதில்கூடப் போடாதீர்கள்.

கார்டும் டப்பாவும்

ஃபுல் எச்டி வீடியோ 28 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 12.6 ஜிபி பிடிக்கும். 4கே 100 எம்பிபிஎஸ் என்றால் 45 ஜிபி. முதலாவதற்கு யூ1 என்ற வேகக் குறி போட்ட 64 ஜிபி கார்டு போதும். இரண்டாவதற்கு யூ3 அல்லது வி30 வேண்டும், இல்லாவிட்டால் பதிவு நடுவில் நின்றுவிடும். போலி கார்டுகள் நிறைய. 64 என்று காட்டும், 8 ஜிபி தாண்டியதும் எழுதியவை காணாமல் போகும். வாங்கிய அன்றே விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் தெரிந்துவிடும். தேறிய கார்டை கேமராவுக்குள் போட்டே ஃபார்மட் செய்யுங்கள்.

வாங்கிய கேமராவை அது வந்த பையிலோ தோல் உறையிலோ பீரோவுக்குள் வைத்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் லென்ஸில் ஃபங்கஸ் பூத்துவிடும். ரப்பர் வளையம் போட்டு இறுக மூடும் 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதில் துணிப்பையில் 100 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் சரி. 60-ஐத் தாண்டினாலோ, நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினாலோ மணிகளை அகலத் தட்டில் பரப்பி நல்ல வெயிலில் காயவைத்தோ குறைந்த சூட்டில் வறுத்தோ திரும்பப் போடலாம். வறுக்கும் பாத்திரத்தைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது, நீல நிறத்துக்குக் காரணமான கோபால்ட் உப்பு நச்சு. மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள், அரை சார்ஜில்.